ஆரோக்கியமான கண்ணில் கார்னியா நரம்புகளை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்னியா நரம்புகளைப் படமெடுத்து எண்ணும் சோதனை, சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்குகிறது. நோயாளிகளின் நரம்புகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் நோய் எதுவும் இல்லாத கண்ணில் இந்த நரம்புகள் எப்படி இருக்கும், ஆண்டுகள் போகப் போக எவ்வளவு மாறும், அந்த மாற்றத்தை நம்பும்படி அளக்க முடியுமா? இது தெரியாமல் நோயாளியின் எண்ணைப் படிக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆப்டோமெட்ரி மாணவர்களும், ஆய்வுக்கு வரச்சொல்லி அழைக்கப்பட்டவர்களும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கார்னியாவில் நரம்புகள் எங்கே இருக்கின்றன?

கண்ணின் முன்பக்கத்தில், கருவிழிக்கு மேல் வளைந்து நிற்கும் ஒளிபுகும் படலம்தான் கார்னியா. குறுக்களவு சுமார் 11.5 மில்லிமீட்டர். நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லாத இந்த இடத்தில் நரம்புகள் அடர்ந்து கிடக்கின்றன. தோலைவிட 300 முதல் 600 மடங்கு அடர்த்தி என்ற கணிப்பைப் பாடநூல்களில் பார்க்கலாம்.

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முப்பெரு நரம்பிலிருந்து, அதன் கண் கிளை வழியாக இவை வருகின்றன. கார்னியாவின் விளிம்பில் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே நுழைந்து, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் தங்களைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையைக் கழற்றிவிடுகின்றன. உறையோடு உள்ளே போனால் ஒளி சிதறிப் பார்வை மங்கும். அப்புறம் நடு அடுக்கான ஸ்ட்ரோமாவின் முன்பகுதியில் கிளைத்து, அதற்கு மேலுள்ள பௌமன் அடுக்கு என்ற மெல்லிய படலத்தைத் துளைத்து மேலே வந்து, மேலடுக்கான எபிதீலியத்தின் அடித்தளச் செல்களுக்குக் கீழே படுத்த வாக்கில் ஓடுகின்றன. இந்த மெல்லிய தளத்தைத்தான் எபிதீலியத்தின் அடிநரம்புப் பின்னல் என்கிறோம். நாம் அளப்பது இதை மட்டுமே. மேலே ஏறி எபிதீலியச் செல்களுக்கிடையே முடியும் நுனிகளும், கீழே ஸ்ட்ரோமாவில் ஓடும் தடித்த தண்டுகளும் வழக்கமான எண்ணிக்கையில் வருவதில்லை.

இந்த நரம்புகள் எதற்கு?

தூசி விழுந்ததும் இமையை மூடவைப்பது, கண்ணீர் சுரக்கச் சொல்வது, குளிர்ச்சியை உணர்வது எல்லாம் இவற்றின் வேலை. இதற்குச் சமமான இன்னொரு வேலையும் உண்டு. எபிதீலியம் பிழைத்திருக்கத் தேவையான வேதிப்பொருள்களை இந்த நரம்புகள் வெளிவிடுகின்றன. நரம்பு செத்துப்போன கார்னியாவில் சின்னக் கீறல்கூட ஆறாமல் புண்ணாகும்.

உயிருள்ள கண்ணில் இவ்வளவு நுணுக்கமான நரம்பை எப்படிப் பார்க்கிறார்கள்?

கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் மூலம். குவியத்தில் இல்லாத ஆழங்களிலிருந்து வரும் ஒளியை ஒரு சின்னத் துளையால் தடுத்து, குறிப்பிட்ட ஒரு தளத்தின் ஒளியை மட்டும் பிடிப்பதுதான் இதன் அடிப்படை. இதற்கு 1957-ல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தவர் அமெரிக்க அறிவியலாளர் மார்வின் மின்ஸ்கி. மூளையின் நரம்பு வலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதை உருவாக்கினார். நரம்பைப் பார்க்கப் பிறந்த கருவி பல பத்தாண்டுகள் கழித்துக் கண்ணின் நரம்புக்கு வந்து சேர்ந்தது எனக்குப் பிடித்த செய்தி.

இன்று பெரும்பாலான ஆய்வுகளில் இருப்பது ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நிறுவனத்தின் கருவி. விழித்திரையைப் படமெடுக்கும் அவர்களுடைய இயந்திரத்தின் முன்னால், ராஸ்டாக் நகர ஆய்வாளர்கள் வடிவமைத்த கார்னியா இணைப்பைப் பொருத்தினால் போதும். 670 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். ஒரு படம் 400-க்கு 400 மைக்ரோமீட்டர் பரப்பைக் காட்டும். அதாவது 0.16 சதுர மில்லிமீட்டர். இந்த 0.16-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுவே காரணம்.

வலிக்குமா?

வலிக்காது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து போடுவார்கள். பிறகு ஜெல் தடவிய, ஒருவருக்கு ஒன்று என்று மாற்றப்படும் பிளாஸ்டிக் மூடி கார்னியாவை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மற்றக் கண்ணால் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள் ஆகும். மரப்பு விடும்வரை கண்ணைக் கசக்கக் கூடாது, கான்டாக்ட் லென்ஸ் போடக் கூடாது.

படத்தில் எதை எண்ணுகிறார்கள்?

மூன்று அளவுகள் பரவலாகப் பயன்படுகின்றன. முதலாவது நரம்பு எண்ணிக்கை அடர்த்தி: ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை முதன்மை நரம்புகள். இரண்டாவது கிளை அடர்த்தி: அந்த முதன்மை நரம்புகளிலிருந்து பிரியும் கிளைகள் எத்தனை. மூன்றாவது மொத்த நீளம்: ஒரு சதுர மில்லிமீட்டரில் முதன்மையும் கிளையும் சேர்த்து எத்தனை மில்லிமீட்டர் நரம்பு ஓடுகிறது. இவற்றோடு நரம்பு எவ்வளவு நெளிந்து போகிறது என்ற அளவும் உண்டு. ஆனால் நெளிவை வரையறுப்பதில் ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள், அதனால் இரண்டு ஆய்வுகளின் நெளிவு எண்களை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு படத்தில் 6 முதன்மை நரம்புகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, ஒவ்வொன்றும் சுமார் 0.42 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2.52. கிளைகள் எல்லாம் சேர்ந்து 0.7. ஆக 3.22 மில்லிமீட்டர். அதை 0.16-ஆல் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீளம். எண்ணிக்கை அடர்த்தி 6-ஐ 0.16-ஆல் வகுத்தால் 37.5. ரிப்போர்ட்டில் தசமப் புள்ளியோடு வரும் இந்த எண்ணைப் பார்த்ததும் ஏதோ 37 நரம்புகளை எண்ணியதாகத் தோன்றும். எண்ணியது ஆறு.

அப்படியானால் நார்மல் என்பது எவ்வளவு?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது அளக்கும் முறையைப் பொறுத்தது. நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்துக் கையால் வரைந்து அளந்தால் ஆரோக்கியமானவர்களின் மொத்த நீளம் 20-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் வரும். அதே படங்களைத் தானியங்கி மென்பொருளிடம் கொடுத்தால் எண் குறையும். பரந்த பரப்பை ஒட்டுப்படமாகச் சேர்த்து அளந்தாலும் குறையும். ‘என் எண் 15, இணையத்தில் 25 என்று போட்டிருக்கிறது’ என்று பயந்துபோய்க் கேட்பவர்களுக்கு என் முதல் கேள்வி, அது எந்த முறையில் எடுத்த 15 என்பதுதான்.

நார்மல் அளவுகளுக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2015-ல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பு. 6 மருத்துவ ஆய்வு மையங்களில் 343 ஆரோக்கியமானவர்களின் படங்களைச் சேர்த்து, வயதுவாரியாக வரம்புகளைக் கொடுத்தார்கள். உயரம், எடை ஆகியவற்றால் இந்த வரம்புகள் மாறவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. அளக்கும் முறையும் அதேதான் என்றால் தாராளமாக ஒப்பிடலாம்.

வயதானால் கார்னியா நரம்புகள் குறையுமா?

குறையும் என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. எவ்வளவு என்பதில்தான் ஒத்துப்போவதில்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2005-ல், வயதுக்கும் அடிநரம்புப் பின்னலின் அடர்த்திக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2007-ல் செய்த ஆய்வில் ஆண்டுக்கு 0.9 சதவீதம் குறைவதாக வந்தது. மேலே சொன்ன 343 பேர் தொகுப்பில், எண்ணிக்கை அடர்த்தி ஆண்டுக்குச் சுமார் 0.16 குறைந்தது; ஆண், பெண் இருபாலருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு வேறு வகை. அவர்கள் வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் பார்த்ததோடு நிற்காமல், அதே ஆரோக்கியமான ஆட்களை 3 ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார்கள். அந்த 3 ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் வயதில் மூத்தவர்களின் மொத்த நீளம் இளையவர்களைவிடக் குறைவாக இருந்தது, ஒரு வயதுக்கு சுமார் 0.05 மில்லிமீட்டர் வீதம்.

இவை ஒன்றையொன்று மறுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பிரிஸ்பேன் ஆய்வின் இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்கு 0.05 என்றால் 3 ஆண்டுக்கு 0.15. சதுர மில்லிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் ஓடும் இடத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. எந்தக் கருவியும் எந்தக் கையும் அதைப் பிடிக்காது. ஆக, 3 ஆண்டில் மாற்றம் தெரியாததும், 30 ஆண்டு வித்தியாசமுள்ள இருவருக்கிடையே 1.5 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிவதும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள்தான். ஆக்லாந்தின் 0.9 சதவீதம் இதைவிட மூன்று மடங்குக்கும் மேல் செங்குத்தான சரிவு. யாரைச் சேர்த்தார்கள், எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்படி வரைந்தார்கள் என்ற மூன்றிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருக்கும்போது சரிவும் வேறுபடத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிடுவது, ஒருவரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதற்கு ஈடாகாது. இன்று 70 வயதில் இருப்பவர் வாழ்ந்த வாழ்க்கை வேறு, 20 வயதில் இருப்பவர் வாழப்போவது வேறு. ஆரோக்கியமானவர்களை நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வுகளுக்கு ஆட்களும் பணமும் கிடைப்பது கஷ்டம். நோயில்லாதவரை ஏன் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிரிஸ்பேன் போன்ற ஆய்வுகளை நான் மதிப்பது இதனால்தான்.

என் சொந்த நரம்புகள் வருடத்துக்கு வருடம் குறைவதைப் பார்க்க முடியுமா?

முடியாது. முன்னால் போட்ட கணக்கை இங்கே கொண்டு வாருங்கள். ஒரு படத்தில் 6 நரம்புக்குப் பதில் 5 நரம்பு என்று எண்ணிவிட்டால் அடர்த்தி 37.5-லிருந்து 31.25-க்கு இறங்கும். வித்தியாசம் 6.25. வயதால் வரும் சரிவு ஆண்டுக்கு 0.16 என்றால், ஒரு படத்தில் ஒரே ஒரு மங்கலான நரம்பைச் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவு ஏறக்குறைய 38, 39 ஆண்டு மூப்புக்குச் சமம்! 8 படங்களின் சராசரி எடுத்தாலும், அதில் ஒரு படத்தில் ஒரு நரம்பு தவறினால் 0.78 குறையும், அதுவே 5 ஆண்டு மூப்புக்கு அருகில் வருகிறது. எனவே ஆரோக்கியமான ஒருவரின் எண் ஓராண்டில் இரண்டோ மூன்றோ கூடினாலும் குறைந்தாலும் அதற்கு உடம்பில் காரணம் தேட வேண்டாம். கூட்டத்தின் சராசரியில் தெரியும் மாற்றத்தைத் தனி ஆளின் ரிப்போர்ட்டில் தேடுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் காணும் தவறு.

நரம்புகள் நகர்கின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆரோக்கியமான கார்னியாவில் எனக்கு மிக வியப்பான விஷயம் இதுதான்.

ஆக்லாந்தில் திபிகா பட்டேலும் சார்லஸ் மெகீயும் நூற்றுக்கணக்கான சின்னப் படங்களை ஒட்டி, உயிருள்ள மனிதக் கார்னியாவின் அடிநரம்புப் பின்னலை வரைபடமாக்கி 2005-ல் வெளியிட்டார்கள். நரம்புகள் எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கி வந்து, நட்டநடுவில் சேராமல், அதற்குச் சற்றுக் கீழே மூக்குப் பக்கமாக ஓரிடத்தில் சுழன்று நிற்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. உச்சந்தலையில் முடி சுழி போட்டிருக்குமே, அதே அமைப்பு. பிறகு ஒரே கண்ணைச் சில வாரங்கள் திரும்பத் திரும்பப் படமெடுத்து, நரம்பு பிரியும் புள்ளிகள் இடம் மாறுவதை 2008-ல் காட்டினார்கள். சில இடங்களில் நகர்வு வாரத்துக்கு 20 மைக்ரோமீட்டருக்கும் மேல். எல்லாம் அந்தச் சுழியை நோக்கி.

கார்னியாவின் எபிதீலியச் செல்களும் விளிம்பில் பிறந்து நடுவை நோக்கி நகர்ந்து மேலே உதிர்பவை. தாஃப்ட், ஃப்ரெண்ட் என்ற இருவர் 1983-லேயே இந்தச் செல் ஓட்டத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்திருந்தார்கள். நரம்பும் செல்லும் ஒரே திசையில் சேர்ந்து பயணிப்பதாகவே படங்களைப் பார்த்தால் தோன்றுகிறது.

அளப்பவருக்கு இதனால் என்ன பிரச்சினை? வாரத்துக்கு 20 மைக்ரோமீட்டர் என்றே வைத்தாலும் 20 வாரத்தில் 400 மைக்ரோமீட்டர், அதாவது படத்தின் முழு அகலம். போன வருடம் படமெடுத்த ‘அதே இடத்துக்கு’ இந்த வருடம் திரும்பினால், அங்கே இருப்பது அதே நரம்புத் துண்டு இல்லை. ஒரு நரம்பு காணாமல் போயிருந்தால் அது அழிந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது, நகர்ந்துபோயிருக்கலாம். அதனால் தனி நரம்பைப் பின்தொடர்வதைவிடப் பரப்பின் மொத்தத்தைப் பின்தொடர்வதே சரி.

எத்தனை படங்கள் எடுத்தால் போதும்?

கார்னியாவைத் தட்டையாக விரித்ததாகக் கொண்டால் பரப்பு 100 சதுர மில்லிமீட்டருக்கு மேல். ஒரு படம் 0.16. அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. பிரிஸ்பேன் குழு 2012-ல் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படியாத 8 படங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் ஏற்கத்தக்க துல்லியம் கிடைக்கும் என்று காட்டியது.

‘குலுக்கல் முறையில்’ என்பதுதான் இதில் உயிர்நாடி. நடைமுறையில் என்ன நடக்கிறது? படமெடுப்பவர் தெளிவான, நரம்பு நிறைந்த படங்களையே தேர்ந்தெடுக்கிறார். மங்கலான படத்தை அளக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் நரம்பு குறைவாக உள்ள இடத்தை ‘நல்ல படம் இல்லை’ என்று ஒதுக்கினால், எண் செயற்கையாக உயரும். ஆரோக்கியமானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வெவ்வேறு அளவில் இது நடந்தால், இல்லாத வித்தியாசம் பிறக்கும். இருக்கும் வித்தியாசம் மறையும். படத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு இது யாருடைய கண் என்று தெரியாமல் இருப்பது இதற்குப் பாதி மருந்து.

மீதிப் பாதி, ஒட்டுப்படம். ஸ்வீடனில் நீல் லகாலியின் குழு 82 பேரின் கார்னியாக்களில் பரந்த ஒட்டுப்படங்களைத் தயாரித்து, படங்களையும் அளவுகளையும் 2018-ல் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. ஒவ்வொன்றும் சராசரியாக 6 சதுர மில்லிமீட்டர், அதாவது 37 தனிப்படங்களின் பரப்பு. இத்தனை பரப்பில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் கணக்கில் வரும். நரம்பு அடர்ந்த இடமும் வெறிச்சோடிய இடமும் சேர்வதால்தான் ஒட்டுப்பட எண் தனிப்பட எண்ணைவிடக் குறைகிறது. ஆரோக்கியமான கண்ணிலும் இடத்துக்கு இடம் அடர்த்தி மாறும் என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டியதில்லை. நேரம் அதிகம் பிடிக்கும், கணினி வேலையும் அதிகம். ஆனாலும் புதிதாக ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு முறை எடுத்தால் எண் மாறுமா?

மாறும். இடம் கொஞ்சம் விலகும். ஆழமும் விலகும்: அடிநரம்புப் பின்னல் மிக மெல்லிய தளம், மூச்சுவிடுவதும் நாடித்துடிப்புமே குவியத்தைச் சில மைக்ரோமீட்டர் தள்ளிவிடும். அப்போது படத்தின் ஒரு பாதியில் நரம்பும் மறுபாதியில் எபிதீலியச் செல்களும் தெரியும். அந்த மறுபாதியில் நரம்பே இல்லை என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். மூடியைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் பௌமன் அடுக்கில் மடிப்புக் கோடுகள் விழும். படமெடுக்கும் கணத்தில் கண் அசைந்தால் நரம்பு நீண்டோ நெளிந்தோ தெரியும். இவை எல்லாவற்றையும் மீறி ஒரு மாற்றம் தெரிந்தால்தான் அதை மாற்றம் என்று சொல்ல வேண்டும். ஆகவே எந்த ஆய்வும் முதலில் தன் கையின் தடுமாற்றத்தை அளந்து எழுத வேண்டும்: அதே கண்ணை இரண்டு முறை படமெடுத்து, அதே படத்தை இரண்டு பேர் எண்ணி.

கையால் வரைவதா, மென்பொருளா?

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ஏசிசி மெட்ரிக்ஸ் பரவலாகப் புழங்கும் தானியங்கி மென்பொருள். அது மெல்லிய, மங்கலான நரம்புகளை விட்டுவிடும், அதனால் எண் குறைவாக வரும். ஆனால் அதே படத்தை நூறு முறை கொடுத்தாலும் அதே எண்ணைத் தரும், மனிதர் தரமாட்டார். மாற்றத்தை அளப்பவருக்கு இந்த நிலைத்தன்மை பெரிய பலம். ஒரு எச்சரிக்கை: ஆரோக்கியமான கார்னியாவிலும் ஆங்காங்கே டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் கைநீட்டிக் கிடக்கும். அந்தக் கைகளை மென்பொருள் நரம்புக் கிளை என்று சேர்த்துக்கொள்ளக்கூடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆய்வு முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து திரும்ப அளக்க வேண்டும்.

‘ஆரோக்கியமான கண்’ என்று யாரைச் சேர்க்கலாம்?

பார்வை நன்றாக இருக்கிறது, கண்ணில் தொந்தரவு இல்லை என்பது போதாது. கார்னியா நரம்பு உடம்பு முழுவதன் நிலைக்கும் எதிர்வினை காட்டும். சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, கீமோதெரபி, கண்ணில் முன்பு வந்த ஹெர்பஸ் தொற்று, கெரட்டோகோனஸ் (கார்னியா மெலிந்து கூம்பாகும் நோய்), தீவிரமான கண் வறட்சி, கண் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்க வேண்டும்.

இவற்றில் சர்க்கரைதான் பெரிய கண்ணி. இதை நம் நாட்டில் ஆய்வு செய்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தலைமையில் நடந்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு: இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். வாசலில் நிற்பவர்களில் பலருக்கு அது தெரியாது. குளுக்கோஸ் தாங்கும் திறன் குறைந்த நிலையிலேயே கார்னியா நரம்பு மெலியத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘எனக்குச் சுகர் இல்லை’ என்று வாயால் சொன்னதை வைத்து ஒருவரை நார்மல் பட்டியலில் சேர்த்தால், அந்தப் பட்டியலே சரிந்துபோகும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரையும் சேர்க்காதீர்கள். செலவு கூடும்தான், ஆனாலும் செய்யுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன், லேசிக் செய்திருக்கிறேன். நான் கணக்கில் வருவேனா?

சாதாரண கான்டாக்ட் லென்ஸ் விஷயத்தில் ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை, அடர்த்தியில் மாற்றம் உண்டு என்றும் இல்லை என்றும் இரண்டும் இருக்கின்றன. இரவில் போட்டுத் தூங்கி கார்னியாவின் வடிவத்தையே மாற்றும் ஆர்த்தோ-கே லென்ஸ் வேறு கதை. அதில் நரம்புகளின் போக்கே வளைந்து மாறுவதை சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2012-ல் வரைபடமாகக் காட்டினார்கள்.

லேசிக் என்ற பார்வைத் திருத்த லேசர் சிகிச்சையில் கார்னியாவின் மேல்மூடியை வெட்டும்போது அதில் ஓடும் நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. மேயோ கிளினிக்கில் 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பிஆர்கே (மேல்மூடி வெட்டாமல் மேற்பரப்பிலேயே செய்யும் லேசர் சிகிச்சை) செய்தவர்களுக்கு 2 ஆண்டில் அடர்த்தி பழைய நிலைக்கு வந்தது. லேசிக் செய்தவர்களுக்கு 5 ஆண்டு கழித்தும் முழுமையாக வரவில்லை. பார்வை அருமையாக இருந்தாலும் அந்தக் கண்ணை நார்மல் தொகுப்பில் சேர்க்கக் கூடாது.

ஒருவரின் இரண்டு கண்களையும் எண்ணலாமா?

படமெடுக்கலாம். ஆனால் 20 பேரின் 40 கண்களை 40 ஆட்களாக எண்ணிக் கணக்கு போடக் கூடாது. ஒருவரின் இரு கண்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

நரம்பு குறைந்தால் உணர்ச்சியும் குறையுமா?

ஓரளவு சேர்ந்து போகும், ஆனால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது. உணர்ச்சியை அளக்க 60 மில்லிமீட்டர்வரை நீட்டக்கூடிய மெல்லிய நைலான் இழையால் கார்னியாவைத் தொட்டுப் பார்ப்பார்கள். இழையைக் குறுக்கக் குறுக்க அழுத்தம் கூடும். அதில் ஆள் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமானவர்களில் பலர் இழை முழு நீளத்தில் இருக்கும்போதே உணர்ந்துவிடுவதால், அவர்களுக்கிடையே இருக்கும் நுண்ணிய வித்தியாசம் இந்தக் கருவியில் தெரியாது. இரண்டு சோதனைகளையும் செய்வதாக இருந்தால் உணர்ச்சிச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். மரப்பு மருந்து போட்ட பிறகு அதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கருவி இருக்கிறதா? செக்-அப் போல நானும் எடுத்துக்கொள்ளலாமா?

பெரிய கண் மருத்துவமனைகளில் இருக்கிறது, ஆனால் முக்கியமாக வேறு வேலைக்கு. பூஞ்சையாலும் அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரியாலும் வரும் கார்னியா புண்ணை விரைவாகக் கண்டுபிடிக்க இது உதவும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்காக நடந்த முக்கியமான ஆய்வு 2016-ல் வெளியானது.

நோய் எதுவும் இல்லாதவர் நரம்பு எண்ணுவதற்காக இதைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஒற்றை எண் கையில் கிடைத்தால் கவலைதான் மிஞ்சும். ஆய்வுக்காக அழைத்தால் தயங்காமல் போய் வாருங்கள். ஆரோக்கியமானவர்கள் வராமல் நார்மல் அளவே கிடையாது.

இரண்டு முறை எடுத்ததில் என் எண் குறைந்திருக்கிறது. என்ன செய்வது?

இரண்டு ரிப்போர்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். இரண்டு முறையும் எடுத்த மூலப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை படம், நடுப்பகுதியிலா சுழிக்கு அருகிலா, கையால் எண்ணியதா மென்பொருளா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தொகுப்பையும் தேதி தெரியாதபடி கலந்து, ஒரே ஆளை ஒரே முறையில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். அப்படி எண்ணியும் பெரிய குறைவு தெரிந்தால் சர்க்கரையும் பி12-உம் பார்த்துக்கொண்டு, கார்னியா மருத்துவரிடம் போங்கள்.